தாயக்கட்டையில் நிகழ்தகவு: வீட்டிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க முழுமையான வழிகாட்டி

2024 ஜனவரியில் பெலால் சூறாவளி மொரீஷியஸுக்கு வந்த நாளில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். வெளியே போக முடியாது, மின்சாரமும் இல்லை. தாயப் பலகையை விரித்தேன். மூன்று பேருக்குக் காய் இறங்கிவிட்டது. நாத்தனார் மகனுக்கு மட்டும் தாயமே விழவில்லை. "மோ பெனா லசான்ஸ், தாந்தின்" என்றான். எனக்கு அதிர்ஷ்டமே இல்லை அத்தை என்று அர்த்தம். கண் கலங்கிவிட்டது.

"எட்டுக்கு ஒன்று கணக்கு. எட்டு தடவை உருட்டு, கட்டாயம் விழும்" என்று நான் சமாதானம் சொன்னேன். எட்டு தடவை உருட்டினான். விழவில்லை. நான் சொன்னதுதான் தப்பு. அது ஏன் தப்பு என்பதை அவனுக்குப் புரியவைக்க முயன்றபோதுதான், எதை முதலில் சொல்ல வேண்டும், எதைப் பிறகு சொல்ல வேண்டும் என்பது எனக்கே தெளிவானது. அதன் பிறகு வேறு பிள்ளைகளோடும் பலமுறை செய்து பார்த்துவிட்டேன். இந்த வரிசையை மாற்றும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

ஒன்பது வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இது முழுவதும் ஏறும். அதற்குக் கீழே என்றால் 4-ஆம் படியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு ஜோடி தாயக்கட்டை. ஒவ்வொரு கட்டையிலும் நான்கு முகம்: ஒன்று வெறுமை, மற்ற மூன்றிலும் 1, 2, 3 புள்ளிகள். என்னிடம் இருப்பது சென்னையில் வாங்கி வந்த பித்தளைக் கட்டை. இல்லாதவர்கள் ஹார்ட்வேர் கடையில் ஒரு சென்டிமீட்டர் சதுரக் கட்டை வாங்கி, ஆறு சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு அறுத்துக்கொள்ளலாம். புள்ளிகளைப் பேனாவால் வையுங்கள். துளை போட்டால் அந்தப் பக்கம் எடை குறைந்து கட்டை ஒருபக்கமாகச் சாயும்.

லூடோ பகடைதான் இருக்கிறது என்றாலும் பரவாயில்லை. 1, 2, 3 விழுந்தால் அப்படியே, 4 விழுந்தால் வெறுமை, 5 அல்லது 6 விழுந்தால் அந்தப் பகடையை மட்டும் மறுபடி உருட்டுங்கள். மீதி நான்கு எண்ணுக்கும் வாய்ப்பு சமமாகவே இருக்கும்.

அடுத்து நெயில் பாலிஷ். இதை விட்டுவிடாதீர்கள். ஒரு கட்டையின் நுனியில் மட்டும் சிவப்புப் பொட்டு வையுங்கள். புள்ளி உள்ள முகத்தில் வைக்கக் கூடாது, நுனியில்தான். இனி ஒன்று சிவப்புக் கட்டை, மற்றது வெள்ளைக் கட்டை. 5-ஆம் படியில் வருகிற பெரிய குழப்பத்தை இந்தப் பொட்டுதான் தீர்க்கப்போகிறது.

இவற்றோடு ஒரு கட்டம் போட்ட நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும். காசு வேண்டாம். பந்தயம் வைத்தால் பிள்ளையின் கவனம் எண்ணிக்கையிலிருந்து ஜெயிப்பதற்குப் போய்விடுகிறது. கடலையை வைத்து விளையாடினாலும் இப்படித்தான் ஆகிறது.

2. வீட்டு விதியைத் தாளில் எழுதுங்கள்

தாயத்துக்கு ஒரே விதி கிடையாது, வீட்டுக்கு வீடு மாறும். இந்த வழிகாட்டியில் நான் எடுத்துக்கொள்ளும் விதி இது: இரண்டு கட்டையின் புள்ளிகளையும் கூட்டு. கூட்டுத்தொகை 1 என்றால் தாயம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12. தாயம், 5, 6, 12 ஆகியவற்றுக்கு மறு ஆட்டம் உண்டு. தாயம் போட்டால்தான் காய் இறங்கும்.

கட்டை பாய் ஓரத்தில் சாய்ந்து நின்றால் என்ன செய்வது என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள். எங்கள் வீட்டில் இரண்டு கட்டையையும் மறுபடி உருட்டுவோம். விழுந்ததைப் பார்த்த பிறகு விதி செய்தால், பிடிக்காத எண் வரும்போதெல்லாம் கட்டை "சாய்ந்து" இருப்பதாகப் பிள்ளைகளுக்குத் தோன்றும். கணக்கு அங்கேயே கெட்டுவிடும்.

உருட்டும் விதமும் விதியில் சேர வேண்டும். இரண்டு உள்ளங்கைக்கு நடுவே தேய்த்து, வெறும் தரையில் ஒரு முழம் தூரமாவது உருளும்படி விட வேண்டும். மெதுவாகக் கீழே வைப்பதுபோல் விட்டால், கொஞ்சம் பழகிய கை வேண்டிய முகத்தை வரவழைத்துவிடும்.

3. உருட்டும் முன் ஊகத்தை எழுதச் சொல்லுங்கள்

கட்டையைத் தொடும் முன் ஒரு கேள்வி: "160 தடவை உருட்டினால் தாயம் எத்தனை விழும்? 3 எத்தனை? 12 எத்தனை?" ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியாக எழுதி, தாளை மடித்து வைக்கட்டும்.

பெரும்பாலான பிள்ளைகள் எல்லா எண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான் எழுதுவார்கள். ஏழு விதமாக விழலாம், ஆகவே ஏழில் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. திருத்தாதீர்கள், முகத்திலும் காட்டாதீர்கள். எழுதிவைத்த ஊகம் பொய்யாவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைக்குத்தான் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் ஆசை வரும். முதலிலேயே விடையைச் சொல்லிவிட்டால் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள்.

4. 160 முறை உருட்டிக் குறியுங்கள்

ஒருவர் உருட்ட, இன்னொருவர் எழுத வேண்டும். 40 தடவைக்கு ஒருமுறை ஆள் மாறலாம். உருட்டுகிற பிள்ளையே எழுதினால், தனக்குப் பிடித்த எண்ணை விடாமல் எழுதி, மற்றதைப் பேச்சு வாக்கில் விட்டுவிடும்.

இந்த இடத்தில் எல்லோரும் செய்கிற தவறு, கூட்டுத்தொகையை மட்டும் எழுதுவது. "3" என்று எழுதக் கூடாது. "சிவப்பு 2, வெள்ளை 1" என்பதைச் சுருக்கமாக "2,1" என்று எழுத வேண்டும். வரிசையும் மாறக் கூடாது, எந்த உருட்டலுக்குப் பின் எது விழுந்தது என்பது 7-ஆம் படியில் தேவைப்படும். கூட்டியதை மட்டும் எழுதி 160 உருட்டலை முடித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கிய அனுபவம் எனக்கு உண்டு. பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

ஏன் 160? சரியான கட்டை என்றால் 160 உருட்டலில் 12, தாயம், 2, 3, 4, 5, 6 ஆகியவற்றுக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை முறையே 10, 20, 30, 40, 30, 20, 10 என்று முழு எண்ணாக வரும். தசமப் புள்ளி இல்லாமல் ஒப்பிடலாம். ஆனால் இந்த வரிசையைப் பிள்ளைகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்.

5. 16 கட்ட அட்டவணை போடுங்கள்

இதுதான் உயிர்நாடி. இதற்கு நேரம் கொடுங்கள்.

நோட்டில் நாலுக்கு நாலு கட்டம் வரையுங்கள். மேலே சிவப்புக் கட்டையின் 0, 1, 2, 3. இடது பக்கம் வெள்ளைக் கட்டையின் 0, 1, 2, 3. ஒவ்வொரு கட்டத்திலும் ஆட்டத்தில் என்ன எண் என்பதைப் பிள்ளையே நிரப்பட்டும்:

சிவப்பு → 0, 1, 2, 3
வெள்ளை 0: 12, 1, 2, 3
வெள்ளை 1: 1, 2, 3, 4
வெள்ளை 2: 2, 3, 4, 5
வெள்ளை 3: 3, 4, 5, 6

ஒரே எண் சாய்வாக, படிக்கட்டுபோல் இறங்குவதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுபிடிப்பார்கள். இப்போது எண்ணச் சொல்லுங்கள். 12-க்கு ஒரு கட்டம், தாயத்துக்கு இரண்டு, 2-க்கு மூன்று, 3-க்கு நான்கு, 4-க்கு மூன்று, 5-க்கு இரண்டு, 6-க்கு ஒன்று. மொத்தம் 16. சமமாக இருப்பவை இந்தப் பதினாறு கட்டங்கள்தான். ஏழு எண்களும் சமம் என்று நினைத்தது ஏன் பொய்த்தது என்பது இங்கே வெளிச்சமாகும்.

இங்கே இரண்டு தடுக்கல் உண்டு. முதலாவது: "சிவப்பு 1 வெள்ளை 0, சிவப்பு 0 வெள்ளை 1, இரண்டும் ஒன்றுதானே? இரண்டுமே தாயம்தானே?" வாயால் விளக்காதீர்கள். கட்டைகளைக் கையில் கொடுங்கள். சிவப்பில் புள்ளி வருமாறு வைத்துக் காட்டச் சொல்லுங்கள், பிறகு வெள்ளையில் வருமாறு. சிவப்புப் பொட்டு கண்ணுக்கு முன்னால் இருக்கும்போது இரண்டும் வேறு வேறு விழுகைகள் என்பது புரிந்துவிடும். பொட்டு வைக்காமல் இதை விளக்கி நான் அரை மணி நேரம் மன்றாடியிருக்கிறேன்.

இரண்டாவது தடுக்கல், முதலாவதைப் புரிந்துகொண்ட கெட்டிக்காரப் பிள்ளைக்கு வரும். "அப்படியானால் 1,1-உம் இரண்டு விதம்தானே?" என்று கேட்கும். அதற்கும் கட்டைதான் பதில். சிவப்பில் 1, வெள்ளையில் 1. இடம் மாற்றி வைத்தாலும் சிவப்பில் 1, வெள்ளையில் 1. அட்டவணையில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது.

இப்போதைக்கு 2/16-ஐ 1/8 என்று சுருக்க வேண்டாம். "பதினாறில் இரண்டு, பதினாறில் நான்கு" என்றே பேசுங்கள். அடியில் ஒரே எண் இருந்தால்தான் தாயத்தைப்போல 3 இரண்டு மடங்கு விழும் என்பது பார்த்தவுடன் தெரியும். நிகழ்தகவு என்ற சொல்லையும் இங்கேதான் அறிமுகப்படுத்துகிறேன். நம் பிள்ளைகள் கணக்கை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் படித்துவிட்டு கிரியோலில் பேசுகிறவர்கள். பொருள் கைக்கு வந்த பிறகு பெயர் சொன்னால் எந்த மொழியிலும் ஒட்டிக்கொள்ளும்.

6. மடித்த தாளைப் பிரியுங்கள்

ஊகம், நோட்டில் உள்ள எண்ணிக்கை, அட்டவணைப்படி வர வேண்டியது, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒருமுறை வந்தது இது: 12 விழுந்தது 13 தடவை, தாயம் 17, இரண்டு 33, மூன்று 36, நாலு 31, ஐந்து 22, ஆறு 8.

"மூன்று 40 வரணும், 36 தானே வந்திருக்கு, தப்பா எண்ணிட்டோமா?" என்று கேட்பார்கள். தப்பில்லை. எண்ணிக்கை எவ்வளவு கூடக் குறைய வரலாம் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறேன்: எதிர்பார்க்கும் எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்குங்கள். 40-க்கு வர்க்கமூலம் ஏறக்குறைய 6, இரட்டித்தால் 12. ஆக 28-லிருந்து 52 வரை எது வந்தாலும் கவலை வேண்டாம். 10-க்கு 4-லிருந்து 16 வரை.

அதையும் தாண்டிப்போனால் கட்டையைச் சந்தேகப்படலாம். 4-ஆம் படியில் இரண்டு கட்டையையும் தனித்தனியாக எழுதியது இங்கே கைகொடுக்கும். சிவப்புக் கட்டையில் மட்டும் 0, 1, 2, 3 எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 40-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு முகம் 60-க்கு மேல் போயிருந்தால் அந்தக் கட்டை கோணலாக அறுபட்டிருக்கிறது.

முதல் 20 உருட்டலை மட்டும் தனியாக எண்ணிப் பார்க்கவும் சொல்லுங்கள். பெரும்பாலும் தாறுமாறாக இருக்கும். 20-ல் முடிவுக்கு வரக் கூடாது என்பதை அந்தப் பக்கமே காட்டிவிடும்.

7. "எனக்கு மட்டும் தாயமே விழவில்லை"

நான் அன்று செய்த தப்பு இந்த இடத்தில்தான். எட்டில் ஒன்று என்றால் எட்டு உருட்டலில் ஒன்று நிச்சயம் என்று அர்த்தமில்லை.

விழாமல் போகும் வாய்ப்பைக் கணக்கிடுவது சுலபம். ஒரு உருட்டலில் தாயம் விழாத வாய்ப்பு 16-ல் 14, அதாவது 8-ல் 7. இரண்டு உருட்டலிலும் விழாமல் போக 7/8 × 7/8. இப்படியே பெருக்கிக்கொண்டே போகலாம். கால்குலேட்டரைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். 5 உருட்டலில் தாயமே விழாத வாய்ப்பு 51 சதவீதம். 8 உருட்டலில் 34 சதவீதம். 16-ல் 12 சதவீதம். 20 உருட்டலுக்குப் பிறகும் 7 சதவீதம் மிச்சம் இருக்கிறது.

அடுத்த கணக்குதான் அந்தப் பிள்ளையின் முகத்தை மாற்றியது. நான்கு பேர் விளையாடுகிறார்கள், ஆளுக்கு எட்டு உருட்டல். ஒருவருக்குத் தாயம் விழும் வாய்ப்பு 0.66. நால்வருக்கும் விழ 0.66-ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும், வருவது 0.19. மீதி 81 சதவீதம், யாராவது ஒருவராவது இறங்காமல் உட்கார்ந்திருப்பார். நூறு ஆட்டம் ஆடினால் எண்பதில் இது நடக்கும். அது யார் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் மாறும். "அப்போ அது நான்னு எழுதி வைக்கலையா?" என்று கேட்டான். இல்லை, எழுதி வைக்கவில்லை.

இன்னொரு நம்பிக்கை: "இவ்வளவு நேரம் விழலையே, இப்போ விழுந்துதான் ஆகணும்." கட்டைக்கு ஞாபகம் கிடையாது என்று சொன்னால் போதாது, நோட்டில் காட்டுங்கள். தொடர்ந்து ஐந்து உருட்டல் தாயம் இல்லாமல் போன இடங்களைத் தேடி, அதற்கு அடுத்த உருட்டலில் வட்டம் போடச் சொல்லுங்கள். 160-ல் ஏறக்குறைய 80 வட்டம் கிடைக்கும். அவற்றில் தாயம் எத்தனை? பத்தைச் சுற்றித்தான் இருக்கும், அதே எட்டில் ஒன்று. காத்திருந்ததற்காக ஒன்றுகூட அதிகம் வராது.

அழுகையைக் குறைக்க வேண்டுமென்றால் விதியை மாற்றலாம். 5 விழுந்தாலும் காய் இறங்கலாம் என்று வைத்தால் வாய்ப்பு 16-ல் 4 ஆகிவிடும். எட்டு உருட்டலில் இறங்காமல் போவது 34 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறையும். எந்த விதி நல்லது என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டு முடிவு செய்யட்டும்.

8. பெருக்கலை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள்

பல வீடுகளில் மறு ஆட்டம் தொடர்ந்து மூன்று தடவை வந்தால் செல்லாது. அது எவ்வளவு அரிது? மறு ஆட்டம் தரும் கட்டங்கள் 2+2+1+1, ஆக 16-ல் 6. மூன்று தடவை பெருக்கினால் ஏறக்குறைய 5 சதவீதம்.

பெரிய பிள்ளைகளோடு இங்கிருந்து லோட்டோவுக்குப் போகலாம். நம் ஊர் லோட்டோவில் 40 எண்ணில் 6 சரியாக வர வேண்டும். சேர்க்கைகள் 38,38,380. மொரீஷியஸில் உள்ள சுமார் பன்னிரண்டரை லட்சம் பேரும் ஆளுக்கு மூன்று வெவ்வேறு டிக்கெட் எடுத்தாலும் எல்லாச் சேர்க்கையும் தீராது. தாயக்கட்டையில் சொன்னால்: 12 தொடர்ந்து ஐந்து தடவை விழும் வாய்ப்பு 10,48,576-ல் ஒன்று. ஒற்றை டிக்கெட்டில் லோட்டோ விழுவது அதைவிட மூன்றரை மடங்குக்கு மேல் அரிது. 12 இரண்டு தடவை சேர்ந்து விழுவதற்கே எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்த பிள்ளைக்கு இது மனதில் நிற்கும்.

9. இப்போதுதான் பலகை

நிறையப் பேர் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். அட்டவணை இல்லாமல் தொடங்கினால் வெட்டு வாங்கிய கோபம் மட்டுமே மிஞ்சும்.

காயை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுக்கும் முன், பின்னால் வரும் எதிரிக் காய் எத்தனை கட்டம் தள்ளி இருக்கிறது என்று எண்ணட்டும். 3 கட்டம் என்றால் ஒரே உருட்டலில் வெட்ட 16-ல் 4, நேராகவே 25 சதவீதம். தாயம் போட்டு மறு ஆட்டத்தில் 2 போட்டும் வெட்டலாம். எல்லா வழியையும் கூட்டினால் 27 சதவீதத்துக்குச் சற்று மேல்.

7 கட்டம் தள்ளி என்றால் ஒரே உருட்டலில் முடியாது. தாயமும் 6-உம், 6-உம் தாயமும், அல்லது 5-உம் 2-உம் விழ வேண்டும். இந்த மூன்று வழியும் சேர்ந்து 128-ல் 5. தாயம் இரண்டு, 5 ஒன்று போன்ற நீண்ட வழிகளைச் சேர்த்தாலும் 5 சதவீதத்தைத் தொடாது. அதாவது 3 கட்டத் தூரத்தில் நிற்பது 7 கட்டத் தூரத்தில் நிற்பதைவிட ஆறு மடங்கு ஆபத்து. பக்கத்தில் இருப்பதுதான் ஆபத்து என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே கட்டம் பின்னால் நிற்கும் காய் தாயம் போட்டால்தான் வெட்டும், அது 16-ல் 2 மட்டுமே. இதைக் கண்டுபிடித்த பிள்ளை அடுத்த ஆட்டத்தில் எதிரிக்கு ஒட்டினாற்போல் துணிந்து காயை வைக்கும்.

சராசரியையும் இங்கேயே முடித்துவிடலாம். 16 கட்டத்தில் உள்ள எண்களைக் கூட்டினால் 60. பதினாறால் வகுத்தால் 3.75. எந்த உருட்டலிலும் 3.75 விழாது, ஆனால் நூறு உருட்டலில் காய் சுமார் 375 கட்டம் நகரும். மறு ஆட்டத்தையும் சேர்த்தால் ஒரு முறைக்குச் சராசரி 6 கட்டம் வரும்.

10. கடைசியாகப் புளியங்கொட்டை

நான்கு புளியங்கொட்டையை எடுத்து, ஒருபக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை சொரசொரப்பான கல்லில் தேயுங்கள். இதை முன்னால் செய்யக் கூடாது. தாயக்கட்டையில் நான்கு முகமும் சமம் என்று நம்பிக் கணக்குப் போடலாம். கொட்டையில் ஒருபக்கம் தட்டை, மறுபக்கம் உப்பல். பாதிக்குப் பாதி என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. உருட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான்கையும் சேர்த்து 50 தடவை போடுங்கள். மொத்தம் 200 விழுகை. வெள்ளை மேலே வந்தது எத்தனை என்று எண்ணுங்கள். பாதி வாய்ப்பு என்றால் 100-ஐ ஒட்டி, 86-க்கும் 114-க்கும் நடுவே வர வேண்டும். 80 வந்தால் வெள்ளையின் வாய்ப்பு ஏறக்குறைய 0.4 என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சின்ன வித்தியாசம் ஆட்டத்தையே புரட்டிவிடும். பாதி வாய்ப்பு என்றால் நான்கும் கறுப்பாக விழுவது 16-ல் 1, அதாவது 6 சதவீதம். 0.4 என்றால் 0.6-ஐ நான்கு தடவை பெருக்க வேண்டும், 13 சதவீதம் வரும். நான்கும் கறுப்பானால் 8 என்று எண்ணுகிற வீடுகளில் அந்த 8 இரண்டு மடங்கு விழும்.

ஒவ்வொரு பிள்ளையும் தன் கொட்டைகளைத் தானே தேய்த்து, தானே 50 தடவை போட்டு, கிடைத்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி அந்தக் கொட்டைகளோடு சேர்த்துப் பையில் முடிந்து வைக்கட்டும். அடுத்த முறை இன்னும் 50 தடவை போட்டு அதே சீட்டில் கூட்டிக்கொள்ளலாம். எண்ணிக்கையை ஒருபோதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டாம்.